கிணற்றுப் பலகையின் நான்காவது வரி

ஈப்போவிலிருந்து செமோர் போகிற பழைய சாலையில் ஆறாங்கட்டையில், அதாவது ஆறாவது மைலில், இடது பக்கம் திரும்பினால் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசை வரும். ரப்பர் மரங்கள் போய் முப்பது வருடமாகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை, இன்னும் ஆறாங்கட்டைத் தோட்டம்தான். வரிசையின் கடைசி வீடு பத்துமலையுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றுக்கு மேலே தகரக் கூரை, கூரைத் தூணில் ஒரு பலகை. மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழிகளிலும் பலகை சொல்வது ஒன்றுதான்: இந்தக் கிணற்றில் எதையும் போடாதே, எதையும் ஊற்றாதே.

இப்போது போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருக்கும். அது தமிழில் மட்டும் இருக்கும். ஏன் என்று பத்துமலையைக் கேட்டால் சொல்ல மாட்டார். அவர் மனைவி வீரம்மாவைக் கேட்டால் சிரிப்பார். பக்கத்து வீட்டுக் கலாதேவியைக் கேட்கவே வேண்டாம். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார், ஆனால் பாதியைத் தப்பாகச் சொல்வார்.

நடந்தது இதுதான்.

பத்துமலைக்குத் தொழில் தவுகே. பச்சைப் பயறை முளைகட்டி, ஈப்போவின் கோழிச்சோற்றுக் கடைகளுக்குக் கொடுப்பது. சீனர்கள் கையில் இருந்த தொழில் அது. பத்துமலை ஒரு சீன முதலாளியிடம் இருபத்திரண்டு வருடம் பீப்பாய் கழுவினார். முதலாளிக்கு வயதானது, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், பீப்பாய்களும் கடைக்காரர்களும் பத்துமலையிடம் வந்து சேர்ந்தார்கள். ஈப்போ தவுகே குட்டையாக, குண்டாக, கடித்தால் தண்ணீர் தெறிக்கும் என்று கோலாலம்பூரிலிருந்து காரெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மலையைச் சுற்றி ஊறும் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பத்துமலை இன்னும் ஒரு படி மேலே போவார். மலைத் தண்ணீரிலும் தன் கிணற்றுத் தண்ணீர்தான் தண்ணீர் என்பார். குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை முயன்று பார்த்தாராம். தவுகே நூல் மாதிரி வந்ததாம்.

அதனால் கிணற்றுக்கு அவர் காட்டிய மரியாதையை மாமியாருக்குக்கூடக் காட்டியதில்லை. மகள் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டார். பத்துமலை அத்தனை பேர் முன்னாலும் பிரஷ்ஷை எடுத்து சிமெண்டுத் தரையை மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். நிச்சயம் முறியவில்லை. அதற்கு வீரம்மாவின் பாயசத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லோரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு காலை நேரத்தில் தரை உள்வாங்கியது. ஒரு வாழைப் புதர் அப்படியே நின்ற வாக்கில் கீழே இறங்கிப் போனது. பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த கறுப்பு எண்ணெய்ப் பீப்பாய்கள் நாலும் கூடவே போயின. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த எண்ணெய் எங்கே போயிருக்கும் என்ற கேள்வி ஊருக்குள் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு வெள்ளை வேனில் மாதுமை வந்து இறங்கினாள்.

மண்ணையும் கல்லையும் நிலத்தடித் தண்ணீரையும் ஆராய்கிறவள். ஐந்தே நிமிடத்தில் கலாதேவி அவள் சரித்திரத்தைக் கறந்துவிட்டார். ஈப்போக்காரி, சிலோன் தமிழ்க் குடும்பம், அப்பா இராஜசிங்கம் நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது முப்பத்துமூன்று, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"டாக்டராம்லா அக்கா," என்றார் கலாதேவி வீரம்மாவிடம், வேலிக்கு மேலாக. "முட்டி வலிக்குதுன்னு கேட்டேன். அன்ரி, நான் கல்லுக்குத்தான் டாக்டர்ங்குது. ஊர்க் கல்லையெல்லாம் பார்க்கிற புள்ளைக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்க்க நேரம் இல்ல பாருங்க."

மாதுமை கிணற்றடியில் உட்கார்ந்து வீரம்மாவுக்கு விளக்கினாள். "கீழ இருக்கிறது சுண்ணாம்புக் கல் அன்ரி. மழைத் தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். சொத்தைப் பல்லு மாதிரித்தான், வெளியில நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா வாய்க்கால் ஓடும். அந்தப் பள்ளத்துத் தண்ணி எந்த வாய்க்கால்ல போகுது எண்டு பார்க்க வேணும்."

அவள் வழி எளிதானது. அடுப்புக்கரி போன்ற ஒரு கரியைத் தேயிலைப் பொட்டலம் மாதிரி வலைத்துணியில் கட்டி, ஏழு இடங்களில் தண்ணீருக்குள் தொங்கவிடுவாள். பிறகு பட்டறைப் பள்ளத்தில் ஒரு பச்சைச் சாயத்தைக் கொட்டுவாள். ஆளுக்கோ மாட்டுக்கோ கெடுதல் இல்லாத சாயம். நிலத்துக்கடியில் அது எங்கே போய்ச் சேர்கிறதோ, அங்கே இருக்கிற கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏழு இடங்களில் ஒன்று பத்துமலையின் கிணறு.

"பலகையைப் படிச்சியாம்மா?" என்றார் பத்துமலை.

"படிச்சன் அங்கிள். மூண்டு மொழியிலயும்."

"அப்புறம்?"

"ஒருவேளை அந்த எண்ணெய் உங்கட கிணத்துக்கு வருதெண்டால் உங்களுக்குத் தெரிய வேண்டாமோ?"

பத்துமலை அரை மனதோடு தலையாட்டினார். ஆனாலும் சும்மா விடவில்லை. பொட்டலத்தைத் தன் கண் முன்னால் மூன்று தடவை கொதிக்க வைத்த பிறகுதான் கிணற்றில் இறக்க அனுமதித்தார். சாயம் கொட்டுவதற்கு முன்பே ஒரு வாரம் சும்மா தொங்கவிட்டு, சனிக்கிழமை எடுத்துப் பார்த்தாள் மாதுமை. ஒன்றும் இல்லை. சுத்தம். "பார்த்தியா?" என்று பத்துமலை ஊருக்கே கேட்கச் சொன்னார். அன்றே புதுப் பொட்டலம் தொங்கியது. திங்கட்கிழமை பள்ளத்தில் சாயம் கொட்டப்பட்டது.

சனிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு வருமில்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்த ஞாயிறு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. மஞ்சள் கரைக்கிற பொறுப்பு பதின்மூன்று வருடமாக வீரம்மாவுடையது. விரலி மஞ்சளைத் தானே ஊறவைத்து, தானே அரைத்து, தோங்கு என்கிற பெரிய தொட்டியில் வேப்பிலையோடு கரைத்து வைப்பார். இந்த வருடம் பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் தண்ணீரில் நனைவதற்கென்றே வந்த இளவட்டங்கள், மழைத் தண்ணீரில் நனையப் பயந்து ஓடிவிட்டார்கள். முக்கால் தோங்கு மிச்சம்.

ஆத்தாளுக்குப் படைத்த தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. மற்ற வருடங்களில் ஓடையில் விட்டுவிடுவார்கள். இந்த வருடம் புதுச் சாலை போடுகிறோம் என்று ஓடையை மண்ணால் மூடி வைத்திருந்தார்கள். சாக்கடையில் கொட்ட வீரம்மாவுக்கு மனம் வரவில்லை. கிணறு இருந்தது. சுத்தமானது, யார் காலும் படாதது. பத்துமலை கடைகளுக்குத் தவுகே கொடுக்க ஈப்போ போயிருந்தார். வீரம்மா பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றினார். ஆறு வாளி. ஆத்தா தண்ணீர்தானே, ஆத்தாவே பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார். கரிப் பொட்டலத்தை நினைக்கவே இல்லை. மழைக்கு நிறைந்திருந்த கிணற்றில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துபோனது.

அந்த வாரம் தவுகேயில் ஒரு பொன் நிறம் தட்டியது. ஈப்போக் கடை முதலாளி ஒருவர் பத்துமலையின் முதுகில் தட்டி, இந்த மாதிரி அழகான தவுகேயைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாராம். பத்துமலை அதை வீட்டில் வந்து நாலு தடவை சொன்னார். "கைராசி," என்றார். வீரம்மா குனிந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு மாதுமை வந்தாள். கிணற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். கரியை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஸ்பிரிட்டு ஊற்றிக் குலுக்கினாள். பிறகு பழைய காலத்துப் படம் பிடிக்கிறவன் மாதிரி ஒரு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஊதா வெளிச்சம் வருகிற ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் தலை வெளியே வரவில்லை.

வந்தபோது முகம் மாறியிருந்தது. "அங்கிள்," என்றாள், "பச்சையா ஒளிருது."

"என்ன ஒளிருது?"

"சாயம். போன வாரம் இல்ல, இந்த வாரம் இருக்கு. அந்தப் பள்ளத்துத் தண்ணி உங்கட கிணத்துக்குத்தான் வருது போல. அப்பிடியெண்டால் எண்ணெயும் வரும்."

சரியாக அந்த நேரம் பார்த்துக் கலாதேவி ஒரு கிண்ணத்தோடு வந்தார். அவர் புருஷன் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக் குட்டையில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனில் வைத்த குழம்பு. குழம்பு ஒரு சாக்கு. வெள்ளை வேன் வந்தது அவருக்குத் தெரியாமல் போகுமா? "என்னண்ணே, முகம் இப்படி இருக்கு? என்னம்மா சொன்ன இவருகிட்ட?"

மாதுமை சொன்னாள். இனி இந்தத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது. பரிசோதனைக்கூடத்தில் உறுதி செய்ய இரண்டு வாரமாகும். ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது, சாப்பிடுகிற பொருள் சம்பந்தப்பட்டது, சுகாதார அலுவலகத்துக்கு இன்றைக்கே எழுதியாக வேண்டும். "எனக்கும் விருப்பம் இல்ல அங்கிள். ஆனா தெரிஞ்சுகொண்டு எழுதாமல் இருக்க ஏலாது."

பத்துமலை கவிழ்த்து வைத்திருந்த ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்தார். கொட்டகைக்குள் பதினெட்டுப் பீப்பாய்களில் தவுகே பாதி வளர்ச்சியில் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றாவிட்டால் சூடேறி அழுகிவிடும். பன்னிரண்டு மணிக்கு அடுத்த தண்ணீர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகி ஐந்து நிமிடம். எழுந்திருக்கவில்லை. இருபது வருடத்தில் அவர் எழுந்திருக்காத முதல் பன்னிரண்டு மணி அது என்பது வீரம்மாவுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் சொன்னாங்க," என்றார் கலாதேவி, ஆறுதலாக. "எங்க தேவன் மாமாகூட அப்பவே சொன்னாரு, கிணத்துத் தண்ணி ஒரு நாளைக்குக் கவுத்துரும்னு."

"கலா, குழம்ப வச்சிட்டுப் போறியா?" என்றார் பத்துமலை.

கலாதேவி குழம்பை வைத்தார். போகவில்லை.

"அது எப்படிம்மா ஒளிருது?" என்று கேட்டார் வீரம்மா. கேட்டதற்குக் காரணம் எதுவுமில்லை; புருஷன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க முடியாமல் எதையாவது கேட்டார்.

"நீங்களே பாருங்கோ அன்ரி." மாதுமை போத்தலையும் டார்ச்சையும் கையில் கொடுத்தாள்.

வீரம்மா கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். டார்ச்சை அழுத்தினார். போத்தல் பச்சையும் மஞ்சளும் கலந்து, மின்மினி மாதிரி ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. போத்தலைப் பிடித்திருந்த அவர் விரல்களும் ஒளிர்ந்தன. நகக்கண்கள் ஐந்தும், அதே பச்சை, அதே மஞ்சள்.

சாயம் கையில் ஒட்டிவிட்டதோ என்று முதலில் நினைத்தார். போத்தலைத் தொடாத இன்னொரு கையைப் பார்த்தார். அதுவும் ஒளிர்ந்தது. திருவிழாவுக்கு அரைத்த மஞ்சள், ஆறு நாளாகத் தேய்த்தும் நகத்தைவிட்டுப் போகாத மஞ்சள்.

துணிக்குள் இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வெளியே யாருக்கும் அவர் முகம் தெரியவில்லை.

"என்ன அக்கா, உள்ளேயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கலாதேவியின் குரல் கேட்டது.

வீரம்மா வெளியே வந்தார், கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார், சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே அடுப்புக்கு முன்னால் நின்றார். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே தரையைக் கழுவினவர். வீரம்மா இருக்கிற வரைக்கும் என் கிணற்றில் ஒரு எறும்பு விழாது என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். போதாததற்குக் கலாதேவி வேறு நின்றுகொண்டிருந்தார். இங்கே சொன்னால் மாலைக்குள் சுங்கை சிப்புட் வரைக்கும் போய்விடும். சொல்லாவிட்டால் பதினெட்டுப் பீப்பாயும் போகும், கிணறும் போகும். வெளியே பத்துமலை இன்னும் அந்தப் பீப்பாய் மேல்தான் இருந்தார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது.

மஞ்சள் என்று வாயால் சொன்னால் அந்தப் பெண் நம்புவாளா? தவுகேயைக் காப்பாற்ற மனைவி சொல்லும் பொய் என்று நினைக்க மாட்டாளா? வீரம்மாவின் கண் சாமி மாடத்தில் இருந்த ஆரத்தித் தட்டில் விழுந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு டப்பா.

டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாப்பா, அந்தப் போத்தல்ல கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுப் பார்க்கலாமா?"

"சுண்ணாம்போ? ஏன் அன்ரி?"

"போடுங்க. சிவப்பா மாறிடுச்சுன்னா அது உங்க சாயம் இல்ல."

"உனக்கென்ன பைத்தியமா வீரம்மா?" என்றார் பத்துமலை.

ஆனால் மாதுமை எழுந்து நின்றுவிட்டாள். ஏதோ ஒன்று புரிந்தது மாதிரியும் புரியாத மாதிரியும் வீரம்மாவைப் பார்த்தாள். போத்தலில் இருந்ததைப் பாதியாகப் பிரித்தாள். மூலத்தில் கை வைக்கக்கூடாதாம். இன்னொரு போத்தலில் தன் சாயத்தை ஒரு துளி விட்டாள். இரண்டிலும் குச்சி முனையால் சுண்ணாம்பு போட்டுக் குலுக்கினாள்.

அவள் சாயம் முன்னைவிடப் பச்சையாக நின்றது. கிணற்றுப் போத்தல் ஒரு நொடி தயங்கியது. பிறகு அடியிலிருந்து செக்கச்செவேல் என்று ஏறியது.

"ஐயோ, ஆரத்தி!" என்று கத்தினார் கலாதேவி.

தமிழர் வீட்டில் பிறந்த யாருக்கு அந்தச் சிவப்புத் தெரியாது? மாதுமைக்கும் தெரிந்தது. அவள் வீட்டிலும் எத்தனையோ தடவை எடுத்திருப்பார்கள். "மஞ்சள்," என்றாள் மெதுவாக. "மஞ்சளும் ஊதா வெளிச்சத்தில ஒளிரும். கடவுளே, நான் அதை யோசிக்கவே இல்ல."

"கிணத்துல யாரு மஞ்சளை ஊத்துனது?" கலாதேவி இந்தக் கேள்வியைக் கேட்ட சுகத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

வீரம்மா புருஷனைப் பார்க்காமல், சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான். ஞாயித்துக்கிழமை. ஆறு வாளி."

பத்துமலை பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மாதுமை. "மஞ்சள் இருக்கு எண்டதால என்ர சாயம் இல்லை எண்டு ஆகாது. ரெண்டும் சேர்ந்து இருக்கலாம்." மறுபடியும் துணிக்குள் தலையை விட்டாள். சிவந்த போத்தல் மேல் டார்ச்சை அடித்தாள். வீரம்மா மாரியம்மனைக் கூப்பிட்டார்; ஊற்றினது உன் தண்ணீர், இப்போது நீதான் வந்து நிற்க வேண்டும் என்றார், ஏறக்குறைய மிரட்டுகிற மாதிரி.

துணியிலிருந்து வெளியே வந்த மாதுமை சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி எல்லாம் கலைந்திருந்தது. "பச்சை இல்ல அன்ரி. கொஞ்சம்கூட இல்ல. என்ர சாயம் இருந்திருந்தால் சுண்ணாம்புக்கு அது போகாது." போத்தல்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். "கூடத்துக்கு இப்பவே கொண்டு போறன். அங்க இருக்கிறவையின்ர காலில விழுந்தாவது இண்டைக்கே மெஷின்ல பார்க்க வைக்கிறன். பின்னேரம் போன் பண்ணுவன். எழுத வேண்டியதை அதுக்குப் பிறகு எழுதலாம்."

"தண்ணி?" என்றார் பத்துமலை. வீரம்மா ஒத்துக்கொண்ட பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஊத்துங்கோ அங்கிள். விக்கிறதை மட்டும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தி வையுங்கோ."

அவர் எழுந்தார். வீரம்மாவைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக் கிணற்றில் இறக்கினார். பன்னிரண்டே முக்கால்.

ஐந்து மணிக்கு போன் வந்தது. பத்துமலை ஸ்பீக்கரில் போட்டார். போடாவிட்டாலும் கலாதேவிக்குக் கேட்டிருக்கும். கிணற்றில் இருந்தது மஞ்சள்தான், சாயம் துளியும் இல்லை. மற்ற ஆறு பொட்டலங்களையும் பார்த்தாயிற்று. சாயம் போய்ச் சேர்ந்த இடம் பழைய ஈயக் குட்டை. அந்தப் பொட்டலம் பட்டப்பகலிலேயே பச்சையாக இருந்ததாம். பள்ளத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறது. கிணற்றுத் தண்ணீர் எதிர்ப் பக்கத்திலிருந்து, மலையடியிலிருந்து வருகிறது.

"இதைத்தானே நான் இருபது வருஷமா சொல்றேன்," என்றார் பத்துமலை போனில்.

"ஓம் அங்கிள். ஆனா நீங்க எனக்கு அந்தச் சிவந்த போத்தலைக் காட்டேல்லயே. அன்ரிதான் காட்டினவ." பிறகு, "குட்டையில யாரும் மீன் பிடிச்சால் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பட்டறைக்காரரை எண்ணெய் எடுக்கச் சொல்லி எழுதப்போறன்," என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கலாதேவி வீட்டில் அன்றிலிருந்து மீன் சந்தை மீன்தான். பத்துமலை வீட்டு மேசையில் இருந்த கிண்ணத்தைக் கலாதேவி அன்றே திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அவர் ஒரு கிண்ணத்தை மூடி திறக்காமல் திரும்பக் கொண்டுபோனதை வீரம்மா முதல் தடவையாகப் பார்த்தார்.

வீரம்மாவுக்கு அன்றிரவு நெஞ்சு லேசாக இருந்தது. ஆனால் முழுதாக இல்லை. பத்துமலை இரண்டு நாள் பேசவில்லை. கோபமாகவும் இல்லை, கோபம் என்றால் பாத்திரம் சத்தம் போடும், வீரம்மாவுக்கு அது தெரியும். மூன்றாம் நாள் காலை ஈப்போ போய் வந்தவர், கையில் சின்ன பெயிண்ட் டப்பாவோடு நேரே கிணற்றடிக்குப் போனார். அரை மணி நேரம் பலகைக்கு முன்னால் நின்று எழுதினார்.

அவர் கொட்டகைக்குள் போன பிறகு வீரம்மா போய்ப் பார்த்தார். மூன்று மொழிகளுக்கும் கீழே, ஈரம் காயாத சிவப்பில்:

ஆத்தா தண்ணியும் கூடாது.

சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அந்த வரி தேவைப்படாது என்று பத்துமலைக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காக எழுதின வரி. வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகைக்குள்ளிருந்து பீப்பாய்க்குப் பீப்பாய் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு. ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகவில்லை.

"இந்தா," என்று உள்ளேயிருந்து பத்துமலையின் குரல் வந்தது. "ஈப்போவுல அந்த முதலாளி கேக்கிறாரு. போன வாரத்து மாதிரி இப்ப நிறம் இல்லையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தண்ணீர் விழுகிற சத்தம் ஒரு பீப்பாயிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது.

"அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்னு சொல்லியிருக்கேன்," என்றார் பத்துமலை.